ரோட்டு வேலை நடக்கும் இடத்தில் வேகமாகப் போய் மாட்டினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவினாசி வழியாக வாளையார் போகும் தேசிய நெடுஞ்சாலை 544 ஆனாலும் சரி, கோவையிலிருந்து பல்லடம், காங்கேயம் வழியாகக் கரூர் போகும் 81 ஆனாலும் சரி, வருசத்தில் ஏதாவது ஒரு மாதம் எங்காவது தோண்டிப் போட்டிருப்பார்கள். ஊருக்குள் வந்தால் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, பாலம். அந்த இடங்களில் வேகத்துக்காகப் பிடிபட்டவர்கள் லாரிப் பட்டறையிலும் ஆர்டிஓ ஆபீஸ் வாசலிலும் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். வெறுமனே ‘பிரிவு’ என்று வரும் இடமெல்லாம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைக் குறிக்கும், 2019இல் செய்த திருத்தங்களையும் சேர்த்து.

ஏனுங்க, ரோட்டு வேலை நடக்கற பக்கம் வேகமாப் போனா டபுள் ஃபைனுங்களா?

இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படி ஒரு சட்டம் உண்டு. அதைப் பற்றிய வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நம் சட்டத்தில் ரோட்டு வேலை நடக்கும் இடத்துக்கென்று தனி அபராதம் கிடையாது. வேறு எந்த இடத்தில் வேகமாகப் போனாலும் பாயும் பிரிவு 183தான் அங்கேயும். இரட்டிப்புத் தொகை என்று சட்டம் சொல்வது ஒரே ஓர் இடத்தில்: சட்டத்தை அமல்படுத்த வேண்டிய அதிகாரியே விதியை மீறினால் அவருக்கு இரண்டு மடங்கு, பிரிவு 210பி.

டபுள் இல்லை என்பதால் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை நடக்கும் இடத்தில் வேக வரம்பு 30, 40 என்று இறங்கிவிடும். அரை கிலோமீட்டர் முன்னால் சரியாக இருந்த 70 அங்கே குற்றம். அதே 70ஐ ‘ஆபத்தான ஓட்டுதல்’ என்று எழுதிவிட்டால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகும். அபராதத் தொகையை விட லைசென்ஸுக்கு வரும் சேதம்தான் பெரிது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைப்பதென்றால் அதை வையுங்கள்.

அப்ப எவ்வளவுதானுங்க கட்டணும்?

பைக், கார் போன்ற இலகு வண்டிகளுக்கு 1,000 ரூபாயில் தொடங்கி 2,000 வரை. நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் 2,000 முதல் 4,000 வரை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து திருத்தத்துக்குப் பிந்தைய தொகைகளில்தான் வசூலிக்கிறார்கள். பழைய 400 ரூபாய்க் கணக்கைச் சொல்லிப் பேரம் பேசிப் பயனில்லை.

இரண்டாம் தடவையோ அதற்கு மேலோ மாட்டினால் லைசென்ஸைக் கைப்பற்ற வேண்டும் என்று பிரிவு 183 நேராகவே சொல்கிறது. அதன் பிறகு என்ன நடக்கும் என்பதைக் கீழே தனிக் கேள்வியாக வைத்திருக்கிறோம்.

முக்கோணத்துக்குள்ள ஒரு ஆள் மண்ணு வெட்டற மாதிரி போர்டு இருந்துச்சு. அதுக்கு எத்தனை வேகமுங்க?

அந்தப் போர்டில் வேகமே இல்லை. சிவப்புக் கரை போட்ட முக்கோணம் எச்சரிக்கை மட்டும்: முன்னால் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று தகவல் சொல்கிறது. சிவப்பு வளையத்துக்குள் கறுப்பில் 30, 40 என்று எண் போட்ட வட்டம்தான் உத்தரவு. அதை மீறினால்தான் பிரிவு 183. ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பிளக்ஸில் அச்சடித்துக் கட்டியிருப்பதும் முக்கோணத்தோடு சேர்ந்ததே. அதில் எண் இல்லாததால் அதை மட்டும் வைத்து வேக வழக்குப் போட முடியாது.

ஆனால் முக்கோணத்தைப் பார்த்த பிறகும் வேகத்தைக் குறைக்காமல் போய் ஏதாவது நடந்துவிட்டால், ‘எச்சரிக்கை இருந்தும் மதிக்கவில்லை’ என்பதற்கு அந்தப் போர்டே சாட்சியாகிவிடும்.

40ன்னு போட்ட வட்டம் எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்?

முறையாக வைத்திருந்தால் வேலை முடியும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெள்ளை வட்டத்தில் குறுக்கே சாய்வாகக் கறுப்புப் பட்டை போட்ட போர்டு இருக்கும். கட்டுப்பாடு முடிந்தது என்று அர்த்தம். அல்லது வேறு எண் போட்ட புதிய வட்டம் வரும். இரண்டில் ஒன்று கண்ணில் படும் வரைக்கும் பழைய 40தான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

வேலை நடக்கும் பகுதியை நான்காகப் பிரிப்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டுதல்களின் முறை: முன்னெச்சரிக்கைப் பகுதி, வண்டிகளை ஒரு பக்கமாக ஒதுக்கும் பகுதி, வேலை நடக்கும் இடம், மறுபடி பழைய பாதையில் சேரும் பகுதி. ஜேசிபியைத் தாண்டியதும் முறுக்கிவிடுகிறார்களே, அவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசிப் பகுதியில்தான். சர்வீஸ் ரோட்டிலிருந்து வண்டிகள் மெயினில் ஏறுவதும், டிப்பர் லாரி பின்னால் வருவதும் அங்கேதான்.

காண்ட்ராக்ட்காரங்க வெச்ச போர்டெல்லாம் சட்டப்படி செல்லுமுங்களா?

பெரும்பாலும் செல்லும். பொதுப் பாதுகாப்புக்காகவோ, ரோட்டின் நிலைமையைப் பார்த்தோ, ஒரு குறிப்பிட்ட இடத்தில் வேகத்தைக் குறைக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் பிரிவு 112(2) உரிமை தருகிறது. அரசிதழில் அறிவிக்க வேண்டும், அந்த இடத்தில் போர்டும் வைக்க வேண்டும் என்பது பொது விதி. ரோட்டு வேலைக்கு இதில் முக்கியமான ஒரு விலக்கு இருக்கிறது. கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழ் அறிவிப்பே தேவையில்லை. பத்து நாள் கல்வெர்ட் வேலைக்கு ‘கெஜட் எங்கே?’ என்று கேட்டு வழக்கை உடைக்க முடியாது.

தேசிய நெடுஞ்சாலையில் போர்டு வைக்கும் அதிகாரம் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்துக்கும், மத்திய அரசு அனுமதித்த வேறு அமைப்புகளுக்கும் உண்டு, பிரிவு 116(1ஏ). காண்ட்ராக்டரின் ஆள் நட்டாலும் அவர்கள் அனுமதியோடு நட்டால் அது சட்டப்படியான போர்டுதான். மாதக்கணக்கில் இழுக்கும் பாலம் வேலையில், அறிவிப்பும் இல்லாமல், காண்ட்ராக்டர் தன்னிச்சையாக 20 என்று எழுதி வைத்தது என்றால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. கேட்கும் முறை கடைசிக் கேள்வியில். போர்டைப் பிடுங்குவதோ, எண்ணை அழிப்பதோ கூடவே கூடாது. அது தனிக் குற்றம்.

போர்டே இல்லீங்க. நாலு ட்ரம்மு, கொஞ்சம் மண் மூட்டை, அவ்வளவுதான் வெச்சிருந்தாங்க.

வட்டப் போர்டு இல்லையென்றால் அந்த ரோட்டின் பொது வரம்பு பொருந்தும். மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிப்பு வகுத்த உச்சவரம்பு இது: நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் காருக்கு 100, பஸ்ஸுக்கு 90, லாரிக்கும் பைக்குக்கும் 80. மற்ற ரோடுகளிலும் ஊருக்குள்ளும் காருக்கு 70, பஸ், லாரி, பைக்குக்கு 60. ஆட்டோவுக்கு எங்கேயும் 50. மாநிலமோ ஊரோ இதை விடக் குறைக்கலாம்.

இங்கே பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு எதிரும் புதிருமாக எல்லா வண்டியையும் மறுபக்கத்தில் விட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் தடுப்புச் சுவர் இல்லை, கோன்கள் மட்டும்தான். ‘இது ஃபோர்லேன், எனக்கு 100 உண்டு’ என்ற கணக்கு அங்கே எடுபடாது. அது அப்போது சாதாரண இருவழி ரோடு. அதில் ஏறிப்போய் முந்தினால், ஆபத்தான ஓட்டுதலுக்கான பிரிவு 184க்கு வேறு காரணமே தேவையில்லை.

ராத்திரி பதினோரு மணி. ஒரு ஆளு இல்ல, மிஷினு இல்ல. அப்பவும் 30லதான் ஊரோணுமுங்களா?

ஆமாம். போர்டு நிற்கும் வரை வரம்பும் நிற்கும். ‘வேலை நடக்கும் நேரத்தில் மட்டும்’ என்று போர்டிலேயே நேரம் எழுதியிருந்தால் தவிர.

ஆள் இல்லாத ராத்திரிதான் வண்டிக்கு மோசம். பழைய தாரைச் சுரண்டிவிட்ட ரோட்டில் நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும். பைக்கின் முன்சக்கரம் அதில் விழுந்தால் நீங்கள் திருப்பும் பக்கம் திரும்பாது, வரி போகும் பக்கம் போகும். புதுத் தார் போட்ட பாதிக்கும் போடாத பாதிக்கும் நடுவில் நாலு விரல் உயரத்துக்குப் படி நிற்கும். சாய்வாக ஏறினால் சக்கரம் ஏறாமல் வழுக்கி வண்டி படுத்துவிடும். தார் போடுவதற்கு முன் பீய்ச்சும் ஒட்டுத்தார் காயும் வரை சோப்புத் தண்ணீர் மாதிரி. இதெல்லாம் எதிர் லாரியின் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது.

கணக்கும் பார்த்துவிடலாம். 60இல் போகும் வண்டி ஒரு நொடியில் 16.7 மீட்டர் ஓடும். கண் பார்த்துக் கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் 25 மீட்டர் அதிலேயே போய்விடும். நல்ல காய்ந்த தாரில் நிற்க மேலும் சுமார் 20 மீட்டர். ஜல்லி சிதறிக் கிடந்தால் பிடிமானம் பாதியாகும், அந்த 20 ஏறக்குறைய 40 ஆகும். மொத்தம் 65 மீட்டர். அதே ஜல்லியில் 30இல் வந்தால் 12.5ம் 10ம் சேர்த்து 23 மீட்டருக்குள் நின்றுவிடலாம். இரண்டு கிலோமீட்டர் வேலைப் பகுதியை 30இல் கடக்க நாலு நிமிடம், 60இல் இரண்டு நிமிடம். மிச்சமாவது இரண்டு நிமிடம்.

கொடி காட்டற அக்கா நிறுத்தச் சொன்னா நிக்கோணுமுங்களா? அவங்க போலீஸ் இல்லையே.

நிற்க வேண்டும். போலீஸ்காரரின் கைக்கு உள்ள அதே சட்ட அதிகாரம் கொடி காட்டுபவருக்கு இல்லை என்பது உண்மை. அதனால் கொடியைத் தாண்டியதற்கென்றே தனியாக அபராதம் எழுதுவது அபூர்வம். ஆனால் அவர் சிவப்புக் கொடி காட்டுவது எதிர்முனையிலிருந்து வண்டிகளை விட்டிருப்பதால். உள்ளே ரோலர் பின்னால் வந்துகொண்டிருக்கலாம். திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதை விட மிகக் கீழே போனால் ஆபத்தான ஓட்டுதல் என்று பிரிவு 184இன் விளக்கம் சொல்கிறது. சிவப்புக் கொடியை மதிக்காமல் போவது அதற்குள் அடங்கும்.

வெயிலில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஒளிரும் சட்டையை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் ரோட்டின் நடுவில் நிற்பவருக்குக் கையில் இருப்பது ஒரு துணியும் குச்சியும் மட்டும். உங்கள் பிரேக்தான் அவருக்குப் பாதுகாப்பு.

போலீஸ்காரர் 184னு எழுதிட்டார். 183க்கும் இதுக்கும் என்ன வித்தியாசமுங்க?

183 என்பது எண் கணக்கு. வரம்பு 40, நீங்கள் 58, முடிந்தது. 184 என்பது சூழ்நிலைக் கணக்கு. இடத்தின் தன்மை, ரோட்டின் நிலை, அங்கே இருக்கும் ஆட்கள், வண்டிகள் எல்லாவற்றையும் பார்த்து, அந்த வேகமோ அந்த ஓட்டும் விதமோ மக்களுக்கு ஆபத்தா என்று கேட்பது. அதனால் வரம்புக்கு உட்பட்ட வேகமே கூட, குழி தோண்டியிருக்கும் இடத்தில் 184 ஆகலாம்.

தண்டனையும் வேறு. முதல் தடவைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 183ஐ அந்த இடத்திலேயே பணம் கட்டி முடிக்கலாம். 184இல் செல்போன் பிடித்துக்கொண்டு ஓட்டியதை மட்டும்தான் அப்படி முடிக்க முடியும். மற்றதெல்லாம் கோர்ட். சலானை வாங்கியதும் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

ஆயிரத்தைக் கட்டிட்டேன், ரசீதும் இருக்கு. கேஸ் முடிஞ்சுதுங்களா?

பண விஷயம் முடிந்தது. லைசென்ஸ் விஷயம் முடியாமல் இருக்கலாம். பிரிவு 200இன்படி பணம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டாலும், பிரிவு 206(4)இன் கீழ் லைசென்ஸ் மேல் எடுக்கும் நடவடிக்கையிலிருந்து அது விடுதலை தராது. இது தெரியாமல் ‘அதான் கட்டியாச்சே’ என்று ஆர்டிஓ நோட்டீசைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு மூன்று மாதம் வண்டி எடுக்க முடியாமல் தவிப்பவர்கள் அதிகம்.

நடைமுறை இப்படி: வேகம், ஆபத்தான ஓட்டுதல் போன்ற குற்றங்களில் போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்டிஓவுக்கு அனுப்பலாம். ஆர்டிஓ உங்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அதன் பிறகு விட்டுவிடலாம், அல்லது காரணம் எழுதி முதல் தடவைக்கு மூன்று மாதம் ஓட்டத் தடை போடலாம். அடுத்த தடவை லைசென்ஸே ரத்தாகலாம். விசாரணைக்குப் போய் நேரில் பேசுவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நல்ல வாய்ப்பு. உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

லைசென்ஸை வாங்கிட்டு ஒரு சீட்டு குடுத்தாங்க. அதைக் காட்டி ஓட்டலாமுங்களா?

சீட்டில் எந்த உட்பிரிவு என்பதைப் பொறுத்தது. பிரிவு 206(2)இல் வாங்கியிருந்தால், அந்தச் சீட்டைக் காட்டி அதில் போட்ட தேதி வரை ஓட்டலாம். மேலே சொன்ன 206(4)இல் வாங்கியிருந்தால் அந்தச் சீட்டு ஓட்ட அனுமதி ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு லைசென்ஸ் உள்ள வேறொருவரை வரவழைத்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

கருவி ஒண்ணும் இல்ல. சும்மா கண்ணால பார்த்தே “வேகமா வந்தே”ங்கறாங்க. செல்லுமா?

ஒரே ஒருவரின் கண் மதிப்பீட்டை மட்டும் வைத்து 183இல் தண்டிக்க முடியாது. அந்த மதிப்பீடு ஏதாவது கருவியால் எடுத்ததாக இருக்க வேண்டும், பிரிவு 183(3). ஸ்பீடு கன் அளவோ கேமரா பதிவோ காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இந்தப் பாதுகாப்பு 183க்கு மட்டும். 184க்கு ஸ்பீடு கன் தேவையில்லை. கருவி இல்லாத இடத்தில் வாக்குவாதம் முற்றினால் வழக்கு 184ஆக மாறுவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதையும் யோசித்துப் பேசுங்கள்.

கேமராவுல புடிச்சதுன்னு செல்லுக்கு மெசேஜ் வந்திருக்கு. நெசமா, டூப்புங்களா?

மெசேஜில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். வாட்ஸப்பில் ‘ஆர்டிஓ சலான்’ என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (செல்லில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) வந்தால் அது கட்டாயம் மோசடி. திறந்தால் பேங்க் கணக்கே காலியாகும். பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே தட்டித் திறந்து, வண்டி எண்ணையும் இன்ஜின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையும் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால் நிஜம்.

2021இல் சேர்த்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, கேமரா சலானுக்குச் சில நிபந்தனைகள் போடுகிறது. கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு உண்டு என்று முன்கூட்டியே போர்டு வைக்க வேண்டும். சலானில் நம்பர் பிளேட் தெரியும் படம், அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். குற்றம் நடந்து 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். படத்தைத் திறந்து பார்த்து, அது உங்கள் வண்டிதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சேறு படிந்த நம்பர் பிளேட்டில் 3ஐ 8 என்று படித்த சலான்கள் வரத்தான் செய்கின்றன.

வண்டி என் பேர்ல. ஓட்டுனது மச்சானுங்க. நானா கட்டணும்?

சலான் ஆர்சி யார் பெயரில் உள்ளதோ அவருக்குத்தான் வரும். ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் பெயரும் விலாசமும் லைசென்ஸ் விவரமும் சொல்வது உரிமையாளரின் கடமை, பிரிவு 133. சொல்ல மறுத்தால் அது தனியாக ஒரு குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரை போகும். லைசென்ஸ் மேல் நடவடிக்கை வரும் என்பதால், ஓட்டியவர் பெயரைச் சரியாகச் சொல்வது இருவருக்கும் முக்கியம்.

விற்ற வண்டிக்கும் இதேதான். பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்திருந்தால், சட்டத்தின் கண்ணில் இன்னும் நீங்கள்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. 18 வயது ஆகாத பையன் ஓட்டியிருந்தால் வேகமெல்லாம் சின்ன விஷயம். பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 அபராதமும், வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

ஓனரு டைமிங் குடுத்துட்டாருங்க. பத்து நிமிசம் லேட்டானா ட்ரிப்பு கட்டு. நாங்க என்ன பண்றது?

இந்தக் கேள்வி தனியார் பஸ் ஓட்டுநர்களிடமிருந்தும், திருப்பூரிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றுபவர்களிடமிருந்தும், நாமக்கல் முட்டை வண்டிக்காரர்களிடமிருந்தும் ஒரே மாதிரி வருகிறது. சட்டம் இவர்கள் பக்கம் இருப்பது பலருக்கும் தெரியாது. பிரிவு 183 ஓட்டியவரை மட்டுமல்ல, தன் கீழ் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைத்தவரையும் தண்டிக்கிறது. 183(4) இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேர அட்டவணையைப் போட்டிருந்தாலோ, இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தாலோ, அந்த அட்டவணையே அவர் குற்றம் செய்ததற்கு முதல் ஆதாரம்.

ஆகவே எழுத்தில் வையுங்கள். கோவை அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் கட்டியபோது, கீழே ஓடிய பஸ்கள் பழைய டைமிங்கில் ஓட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்த மாதிரி வேலை தொடங்கினால் ‘இன்ன தேதியிலிருந்து இன்ன இடத்தில் 30 போர்டு, மூன்று கிலோமீட்டர், ஒரு நடைக்கு இத்தனை நிமிடம் கூடும்’ என்று ஓனருக்கு வாட்ஸப்பிலாவது அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். ஓனர்கள் பர்மிட் நேரத்தை மாற்றித் தரும்படி ஆர்டிஓவிடம் மனுக் கொடுக்கலாம். ஓட்டுநரின் லைசென்ஸ் போனால் அவர் வீட்டுச் சோறு போகும். அதை ஈடுகட்டும் கலெக்‌ஷன் எந்த நடையிலும் இல்லை.

வேலை பாக்கறவங்க மேல இடிச்சுட்டா என்ன ஆகும்?

அங்கிருந்து அது மோட்டார் வாகனச் சட்டத்தோடு நிற்காது. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு அதன் 281ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை. காயம் என்றால் 125(ஏ), ஆறு மாதம் வரை. எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் என்றால் 125(பி), மூன்று வருடம் வரை. உயிர் போனால் 106(1), ஐந்து வருடம் வரை சிறையும் அபராதமும். முக்கோணப் போர்டு, வட்டப் போர்டு, கொடி மூன்றும் இருந்த இடத்தில் ‘எதிர்பார்க்கவில்லை’ என்ற வாதத்துக்கு உயிரே இருக்காது.

வண்டியை நிறுத்துங்கள், 108ஐ அழையுங்கள், அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க உதவுங்கள். கூட்டம் அடிக்க வரும் நிலை என்றால், ஓடி ஒளியாமல் நேராகப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், பிரிவு 134. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள். வேகமாகப் போனீர்கள் என்பதற்காக, அடிபட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க முடியாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால் கதையே வேறு. ஆர்டிஓ போட்ட தடைக் காலத்தில் வண்டியைத் தொடக் கூடாது என்பதற்கு இதுவும் காரணம். அடிபட்ட தொழிலாளியின் குடும்பம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். வெளியூர், வெளிமாநில ஆட்களுக்கு இது தெரியாமல் போய்விடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தப்பு காண்ட்ராக்டர் மேலதானுங்க. ஜல்லியக் கொட்டிட்டுப் போயிட்டாங்க, நான் சறுக்கி விழுந்தேன்.

இரண்டும் தனித்தனி. அவர்கள் தவறு உங்கள் வேகத்தை நியாயமாக்காது, உங்கள் வேகம் அவர்களை விடுவிக்காது. ரோட்டு வேலைக்கான பாதுகாப்புத் தரங்களைக் கடைப்பிடிக்காமல் யாராவது இறந்தாலோ ஊனமுற்றாலோ காண்ட்ராக்டர், ஆலோசகர், பொறுப்பான அதிகாரி ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், பிரிவு 198ஏ.

விழுந்த அன்றைக்கே படம் எடுங்கள், மறுநாள் கூட்டிவிடுவார்கள். வரும் திசையிலிருந்து 100 மீட்டர் தூரத்தில் ஒன்று, 50இல் ஒன்று, விழுந்த இடத்தில் ஒன்று. போர்டு இருந்ததா இல்லையா என்பது அந்த முதல் படத்தில்தான் தெரியும். கிலோமீட்டர் கல்லும் தெரிய வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். மற்ற ரோடு என்றால் 1100, இல்லாவிட்டால் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு.

நான் வேகமாப் போகவே இல்லீங்க. கோர்ட்டுல பேசலாமுங்களா?

பேசலாம். ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால். கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சலானை ஏற்காவிட்டால் விஷயம் நீதிமன்றம் வரை போகலாம். அதற்குள் மூன்று விஷயத்தைச் சேர்த்துவிடுங்கள். ஒன்று, வேகப் போர்டு இருந்த இடத்தின் படம், தேதியோடு. இரண்டு, வண்டியில் ஜிபிஎஸ்ஸோ டேஷ்கேமோ இருந்தால் அந்த நேரத்துப் பதிவு. சில நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே பிரதி எடுங்கள். ஸ்பீடோமீட்டரை ஆதாரமாகச் சொல்ல வேண்டாம். அது பொதுவாக உண்மையான வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும், அதை நிரூபிக்கவும் முடியாது.

மூன்றாவது, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு: ‘இன்ன கிலோமீட்டரிலிருந்து இன்ன கிலோமீட்டர் வரை இன்ன தேதியில் நடைமுறையில் இருந்த வேக வரம்பு என்ன, எந்த உத்தரவின்படி, எப்போதிலிருந்து எப்போது வரை, அறிவிப்பின் நகல்.’ போலீஸ் அலுவலகத்துக்கு: ‘அன்று பயன்படுத்திய, வேகம் அளக்கும் கருவியின் வரிசை எண், அந்த வருடத்து ஒப்புதல் சான்றின் நகல்.’ கட்டுப்பாடு ஒரு மாதத்தைத் தாண்டியும் அறிவிப்பு இல்லை என்று பதில் வந்தாலோ, கருவியின் சான்று காலாவதி என்று வந்தாலோ, வக்கீலிடம் கொண்டுபோக அதுவே போதும். இரண்டும் சரியாக இருக்கின்றன என்று பதில் வந்தால், 1,000 ரூபாயைக் கட்டிவிட்டு ஆர்டிஓ விசாரணைக்குத் தயாராகுங்கள்.